வேலி ஓரத்துப் புதினா

ஓய்வு பெற்ற பிறகும் என் கைபேசிக்குத் தினம் இலைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பாகூர்ப் பக்கம் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் ஒரு செடியைப் படம் எடுத்து அனுப்பி, "மேடம், ஆப் இதைப் புதினான்னு சொல்லுது, சரியா?" என்று கேட்கிறார்கள். அதே செடியைக் கொஞ்சம் திருப்பி வைத்து எடுத்தால் அந்த ஆப் வேறு பெயர் சொல்கிறதாம். எனக்கு இதில் பெரிய ஆறுதல். இத்தனை வருஷம் நான் ஒருத்திதான் குழம்பிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். இப்போது துணைக்கு ஒரு யந்திரம் கிடைத்திருக்கிறது.

அந்தப் பிள்ளைகள்தான் எழுதச் சொன்னார்கள். செடியை எப்படி அடையாளம் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதினால் எங்களுக்கு உதவும் என்றார்கள். உதவுமா என்று எனக்குத் தெரியாது. படிக்கிறவர்கள் தெளிவதற்குப் பதிலாக என்னோடு சேர்ந்து குழம்பினால் அதற்கு நான் பொறுப்பில்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வேளாண் துறையில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நெல், கரும்பு, மறுபடியும் நெல். வில்லியனூரில் சில வருஷம், பிறகு பாகூர். வீட்டுத்தோட்டத் திட்டம் வந்தபோது, பெண்களிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்று என்னை அதில் தள்ளிவிட்டார்கள். புதினா, துளசி, கற்பூரவல்லி, வல்லாரை, தூதுவளை, இதில் என்ன இருக்கிறது, எல்லாம் பார்த்த செடிதானே என்று போனேன். போன இடத்தில் ஒரு வீட்டில் கற்பூரவல்லி என்பதை அடுத்த வீட்டில் ஓமவல்லி என்றார்கள். மடுகரையில் ஒருவர் துளசி என்று காட்டியது திருநீற்றுப்பச்சிலை. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர் 'பெர்சில்' வேண்டும் என்று கேட்டார், கொத்தமல்லி மாதிரியே இருக்கும் பார்ஸ்லிக்கு அது பிரெஞ்சுப் பெயராம். நான் கொத்தமல்லி கொண்டுபோனேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார், "பரவால்லம்மா, ரசத்துக்கு ஆவும்" என்று வாங்கிக்கொண்டார்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் எங்கள் அதிகாரி தணிகைவேல் சார் ஒரு மருந்து வைத்திருந்தார். காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்தவர். குரல் உயரவே உயராது. அவர் முன்னால் செடியின் பெயரைச் சொல்லக் கூடாது. யாராவது "புதினாதான் சார்" என்று ஆரம்பித்தால் கையை லேசாக உயர்த்துவார். "பேரு அப்புறம் வரட்டும். கண்ணுல படறதை மொதல்ல சொல்லுங்க" என்பார்.

அதற்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும். வழுக்கிக்கொண்டு உருள்கிறதா, விளிம்பு தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து இலை. எதிரெதிராக ஜோடியாக நிற்கிறதா, மாறி மாறி நிற்கிறதா. ஜோடி என்றால் மேலே உள்ள ஜோடி கீழே உள்ளதற்குக் குறுக்கே நிற்கிறதா. பிறகு இலைக்காம்பின் நீளம், விளிம்பில் பல், மேல்பக்கம் தடவினால் எப்படி, அடிப்பக்கம் எப்படி. மண்ணைக் கிளறி வேர் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் இலையைக் கசக்கி முகரலாம். நாக்கில் வைக்கவே கூடாது.

"மூக்கு ஒரு அவசரக்குடுக்கைம்மா" என்பார் சார். "புதினாக் கட்டு வச்சிருந்த பையில கருவேப்பிலையைப் போட்டுப் பாருங்க. அதையும் புதினான்னு சொல்லும்."

நான் எல்லாம் சொல்லி முடித்ததும் "ம்" என்பார். பிறகு டீயைக் குடிப்பார். அந்த 'ம்' சரி என்பதா, தப்பு என்பதா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரு தடவை தைரியம் வந்து கேட்டும்விட்டேன். "ரெண்டும் இல்லைம்மா, கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம்" என்றார். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

சாரின் வரிசையில் முதல் பாடத்தை மட்டும் நான் ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தேன். சுயஉதவிக்குழுப் பெண்களை உட்காரவைத்து ஆளுக்கொரு தண்டைக் கையில் கொடுப்பேன். "புதினா, துளசி குடும்பத்துக்கெல்லாம் தண்டு நாலு பக்கம். உருட்டினா கட்டையாத் தட்டும், பாருங்க" என்பேன். அவர்கள் உருட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு உருட்டிச் சரியாகச் சொன்னவர்களுக்கு நான் கைதட்டுவேன். அப்படி அதிகக் கைதட்டல் வாங்கியவள் அஞ்சலை. பாகூரைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் குடியிருப்பவள். ஒரே மகன் சேகர், சேதராப்பட்டில் ஷிப்டு வேலை. மருமகள் கலைவாணி அப்போது முழுகாமல் இருந்தாள்.

இவ்வளவு பாடம் நடத்தியும் நாங்கள் இலவசமாகக் கொடுத்த நாற்றுப் பைகளை அந்தத் தெருவில் யாரும் நடவில்லை. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் அப்படியே சாய்த்து வைத்திருந்தார்கள், காய்ந்து கிடந்தன. எனக்கு எரிச்சல் வந்தது.

"ஏம்மா, சும்மா குடுத்தா நட மாட்டீங்களா?"

"கோச்சிக்காத மேடம்" என்றாள் ஒருத்தி. "குடுத்த செடி புடிக்காது. காசு போட்டு வாங்கினாலும் புடிக்காது. கேக்காம எடுத்தாந்து வெச்சாதான் தழைக்கும்."

"திருடணுங்கறியா?"

"அய்ய, திருட்டுன்னு ஏன் சொல்ற? செடிதான?"

அந்தத் தெருவின் சட்டம் இதுதான். பக்கத்து வீட்டுப் புதினாவை ஒடித்துக்கொண்டு போகலாம். கேட்கக் கூடாது, வெளியே சொல்லவும் கூடாது. சொன்னால் செடி பட்டுப்போகும். செடிக்குச் சொந்தக்காரி பார்த்தாலும் பார்க்காத மாதிரி போய்விட வேண்டும். தட்டிக் கேட்டால் அவள் செடியும் போய்விடும். சாரிடம் வந்து புலம்பினேன். வழக்கம்போல "ம்" என்றார். அலுவலக வாசலில் நாங்கள் வைத்திருந்த புதினாப் பாத்தி மட்டும் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் அலுவலகத்துக்குள் நுழைகிறேன், சேகர் போன் பண்ணினான். 

"மேடம், கலைவாணி வாந்தி நிக்கல. வாயெல்லாம் எரியுதுங்கறா. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். ராத்திரி புதினாத் துவையல் சாப்ட்டா. டாக்டரம்மா இன்னா எலைன்னு கேக்கறாங்க. நாங்க புதினாங்கறோம், அவங்க நம்பல. தெரிஞ்சாதான் பாக்கலாங்கறாங்க. ஆறு மாசம் மேடம் அவளுக்கு."

சார் அன்றைக்குப் புதுச்சேரியில் கூட்டத்தில் இருந்தார். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அஞ்சலை வீட்டுக்குப் போனேன். மாற்றுத்துணியும் பிளாஸ்க்கும் எடுக்க அவள் வந்திருந்தாள். முகம் கறுத்துப்போயிருந்தது. கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாத்தியைக் காட்டினாள்.  ஒரு இலை இல்லை. எல்லாவற்றையும் ஒட்ட அறுத்திருந்தாள்.

"இலை உருவின தண்டு எங்க?"

"குப்பை வண்டியில போட்டேன் மேடம். காலையிலயே பூட்டுது."

"துவையல்?"

"பாத்திரத்தைக் கழுவிட்டேன். யாருக்குத் தெரியும் இப்புடி ஆவும்னு?"

மண்டிபோட்டு உட்கார்ந்து, அறுத்த பிறகு நின்ற அடிக்கட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தேன். பாதிக் கட்டைகள் புதினாதான். மெத்தென்று இருந்தன, மண்ணைக் கிளறினால் வெள்ளையாக வேர்க்கொடி ஓடியது. மீதிக் கட்டைகள் எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை. அவற்றுக்கும் நாலு பக்கம் இருந்தது, விளிம்பும் தட்டியது. ஆனால் உள்ளே மரம் மாதிரி கெட்டியாக இருந்தன, தோல் சொரசொரத்தது. முகர்ந்தேன். புதினா மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பக்கத்திலேயே புதினாக் கட்டை இருந்தால் எது எதன் மணம் என்று எப்படிச் சொல்வது? சார் அங்கே இருந்திருந்தால் மூக்கை நம்பாதே என்றிருப்பார். மூக்கைத் தவிர என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

இலை வேண்டும். இலை வேண்டுமானால் தாய்ச்செடி வேண்டும்.

"அஞ்சலை, இது எங்கேர்ந்து கொண்டாந்து வச்சது?"

"சந்தையில வாங்கின கட்டு. எலைய ஆய்ஞ்சிட்டு தண்டை நட்டேன்."

"இந்தச் சொரசொரப்பு உள்ளது சந்தைக் கட்டுல வராது. உண்மையைச் சொல்லு. பிள்ளைத்தாச்சி படுத்துக் கிடக்கறா."

அவள் கண் ஒரு நொடி வேலிப்பக்கம் போய்த் திரும்பியது. கீற்று வேலிக்கு அந்தப் பக்கம் சரோஜா வீடு.

"அவ எதுனா செஞ்சிருப்பா" என்றாள் அஞ்சலை. "எங்க பாத்தியில கொண்டாந்து நட்டுட்டுப் போயிருப்பா. எங்க வூட்டுல புள்ள பொறக்கப்போவுதுன்னு அவளுக்கு வவுறெரிச்சல்."

இந்த இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முருங்கைக் கிளையை வெட்டியதில் வந்தது என்றாள் ஒருத்தி. கல்யாணப் பந்தியில் கூப்பிடாமல் விட்டது என்றாள் இன்னொருத்தி. மூன்றாவதாக ஒரு ஆட்டுக்குட்டிக் கதையும் கேட்டிருக்கிறேன்.

நான் சுற்றிக்கொண்டு சரோஜா வீட்டுக்குப் போனேன். அவள் அரியாங்குப்பத்தில் ஒரு லாட்ஜில் அறை பெருக்குகிறவள். வேலைக்குக் கிளம்பத் தயாராக நின்றாள்.

"சரோஜா, பக்கத்து வீட்டுக்கு ஏதாவது செடி குடுத்தியா?"

"நான் யாருக்கும் ஒண்ணும் குடுக்கல மேடம்."

"யாராவது எடுத்தாங்களா?"

"நான் பாக்கல."

அந்தப் பதிலில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் அதே இரண்டு வார்த்தைதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே? அங்க கலைவாணி ஆஸ்பத்திரியில கெடக்கறா. எந்த எலைன்னு தெரியாம டாக்டர் முழிக்கறாங்க" என்று கத்திவிட்டேன்.

சரோஜாவுக்கு அதுவரை விஷயமே தெரியாது. கையில் இருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"கொயந்தைக்கு ஒண்ணுமில்லயே மேடம்?"

"தெரியலம்மா."

வா என்றுகூடச் சொல்லவில்லை, விடுவிடுவென்று கொல்லைக்கு நடந்தாள். வேலியை ஒட்டிப் புதினா செழித்து நின்றது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு உடைந்த சிமெண்டுத் தொட்டி. அதிலிருந்து ஒரு செடி வழிந்து தரையில் படர்ந்து புதினாவோடு பின்னிக் கிடந்தது. தொட்டேன். உப்புத்தாள் மாதிரி இருந்தது இலை. அஞ்சலை பாத்தியில் தொட்ட அதே சொரசொரப்பு.

"இது லாட்ஜி வாசல்ல அழகுக்கு வெச்சிருந்தது. ஒரு கொம்பு ஒடிச்சாந்தேன்" என்றாள் சரோஜா. "ஊதாக் கலர்ல கொத்தாப் பூக்கும். வெயில் வேணும்னு இங்க வெச்சேன். அவ கைக்கு இது ஆப்டும்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

"யார் கைக்கு?"

அவள் வேலியைக் காட்டினாள். கீற்றில் ஒரு கை நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது. "விடியறதுக்கு மின்ன வருவா. நான் உள்ள ஜன்னலண்ட நிப்பேன். பாத்தேன்னு சொல்லக்கூடாதில்ல?" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "புதினா மின்ன கெணத்தாண்ட இருந்துது மேடம். அவ கைக்கு எட்டணுமேன்னு நான்தான் வேலி ஓரமா மாத்தி வெச்சேன்" என்றாள்.

 முகத்தைப் பார்த்துப் பேசாத ஒருத்திக்காக இவள் செடியை இடம் மாற்றி நட்டிருக்கிறாள். அவளோ இவளிடம் திருடிக்கொண்டு போய் நட்டு, துவையல் அரைத்திருக்கிறாள். இது பகையா, வேறு ஏதாவதா? சாரின் வரிசையில் இதற்கு இடம் இல்லை.

தொட்டிச் செடியைப் படம் எடுத்து சாருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"படம் பார்த்தேன். பேரு சொல்லாதீங்க. தண்டு?"

"சார், அங்க ஒரு பொண்ணு படுத்துக் கெடக்கு சார்."

"அதனாலதாம்மா கேக்கறேன். தண்டு?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொன்னேன். தண்டு நாலு பக்கம். இலை எதிரெதிர். பல் உண்டு. மேல்பக்கம் சொரசொரப்பு. வேர்க்கொடி இல்லை, தரையைத் தொட்ட கணுவில் வேர் விட்டிருக்கிறது. பூ ஊதாக் கொத்து. கசக்கினால் காட்டமாக ஒரு வாடை.

"ம்" என்றார். பிறகு, "படர் உண்ணி. ரோட்டோரம் புதரா மண்டுமே, நம்ம உண்ணிச்செடி, அதுக்குப் பங்காளி. தண்டு புதினா மாதிரியேதான் இருக்கும். சாப்பிடற செடி இல்லை. ஒரு கிளையைப் பூவோட ஒடிச்சிக்கிட்டுப் போங்க, டாக்டர்ட்ட போனைக் குடுங்க, நான் பேசறேன்" என்றார்.

"நானும் வர்றேன்" என்று சரோஜா ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அஞ்சலையின் உறவுக்காரர்கள் கூடி நின்றார்கள். அஞ்சலை எங்களுக்கு முன்னாலேயே ஆட்டோவில் வந்திருந்தாள். அதற்குள் சரோஜாவின் பெயர் அங்கே என்னென்னவோ ஆகியிருந்தது. நான் உள்ளே போய் டாக்டரிடம் கிளையைக் கொடுத்து போனையும் கொடுத்தேன். அவர் சாரிடம் பேசினார், இரத்தம் எடுக்கச் சொன்னார், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். நான் வெளியே வந்தபோது சேகர் சரோஜாவுக்கு நேராக நின்றுகொண்டிருந்தான்.

"மேடம் கொண்டாந்த செடி உங்க வூட்டுதா?"

"ஆமாப்பா."

"எங்க வூட்டுக்கு எப்புடி வந்துச்சி? நீ குடுத்தியா?"

சரோஜா அஞ்சலையைப் பார்த்தாள். அஞ்சலை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது இவள் உண்மையைச் சொல்லப்போகிறாள், வேலிச் சந்தைப் பற்றிச் சொல்லப்போகிறாள் என்று நான் நினைத்தேன்.

"நான்தாம்பா குடுத்தேன்" என்றாள் சரோஜா. "புதினான்னு நெனச்சிக் குடுத்துட்டேன்."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. ஒரு உறவுக்காரர் கையை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தார். போலீசுக்குப் போ என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் குறுக்கே நின்றேன். எதைச் சொன்னாலும் யாரோ ஒருத்தியைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்று தடுமாறினேன். உண்மை தெரிந்த அரசு ஊழியர் அங்கே நான் ஒருத்திதான்.

"அவ குடுக்கல."

அஞ்சலைதான். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இன்னாம்மா சொல்ற?" என்றான் சேகர்.

"அவ குடுக்கலடா. நான் எடுத்தேன். எப்பவும் நான்தான் எடுப்பேன், வேலி சந்துல கைய வுட்டு. இருட்டுல தெரியல. தண்டை உருட்டிப் பாத்தேன், நாலு பக்கமும் தட்டுச்சி. அக்ரி மேடம் சொல்லிக் குடுத்த மாதிரியேதான் பாத்தேன். நட்டது புதினாவோட பின்னிக்கிச்சி, நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் சேத்து அறுத்துட்டேன்."

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவள் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறாள். நானும் ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தேன். அப்படியானால் தப்பு எங்கே என்று அந்த இடத்திலேயே தேடினேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கைதட்டியதுதான் தப்போ என்னவோ.

 சரோஜா வராந்தாப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள், கலைவாணிக்கு வாந்தி நின்றுவிட்டது என்று செவிலி வந்து சொல்கிறவரை எழுந்திருக்கவில்லை. அஞ்சலை அவளிடம் வரவும் இல்லை.

மறுநாள் கலைவாணி இட்லி சாப்பிட்டாள். "ராத்திரியே ஒரு மாதிரி நாறுச்சி மேடம். மாசமா இருந்தா எல்லாமே நாறுது, அதான் சாப்ட்டேன்" என்றாள். டாக்டரிடம் அந்த இலையால்தானா என்று கேட்டேன். "சொல்ல முடியாது. சாப்பிட்டது கொஞ்சம். சும்மாகூட இப்படி வாந்தி வரும். ஆனா இலைதான் இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். போய் சாரிடம் அப்படியே ஒப்பித்தேன். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். அதன்பிறகு பயிற்சியில் தண்டோடு நிறுத்தாமல் வேர்வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். பெண்கள் கொட்டாவி விட்டார்கள்.

கலைவாணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பார்க்கப் போனேன். கொல்லையில் புதினாப் பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது.

"வெளியில சொல்லிட்டேன் இல்ல மேடம், பட்டுப்போச்சி" என்றாள் அஞ்சலை, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

"தண்ணி தேங்கி வேர் அழுகியிருக்கும்" என்றேன். மண் காய்ந்துதான் இருந்தது. எனக்கே நம்பிக்கை இல்லை.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் சரோஜா வந்து நின்றாள். சிமெண்டுத் தொட்டி அங்கே இல்லை. கையில் வேர்விட்ட புதினாத் தண்டு ஒரு பிடி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். வேலிக்கு மேலே நீட்டினாள். அஞ்சலை அதைப் பார்த்தாள், வாங்கவில்லை. சரோஜாவின் கை அப்படியே நின்றது. இவ்வளவு நடந்தும் இந்தப் பொம்பளைக்கு மனசு இறங்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"குடுக்காத" என்றாள் அஞ்சலை. சரோஜாவைப் பார்த்து அவள் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது. "குடுத்தா புடிக்காதுன்னு தெரியாதா உனுக்கு? நட்டு வெச்சிட்டு உள்ள போ."

சரோஜா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். உட்கார்ந்து, வேலி ஓரமாக அந்தத் தண்டுகளை மண்ணில் ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தாள். எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"கொயந்தையப் புடி மேடம்" என்றாள் அஞ்சலை, வேலிச் சந்தைப் பார்த்துக்கொண்டே.

நான் குழந்தையை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.